சேர்க்கை விதியை இப்போதே திருத்துங்கள்: சங்க நிர்வாகிகளுக்கும் பதிவாளருக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் தொழிற்சங்கங்கள், தொழில்முறைச் சங்கங்கள் ஆகியவற்றின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழுவினர் அனைவருக்கும், தொழிற்சங்கப் பதிவாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

2025 நவம்பர் 21 முதல் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் போய், தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய சட்டத்தில் பதிவான சங்கங்கள் மறுபடி பதிவுக்கு நிற்க வேண்டியதில்லை, பதிவு தொடரும். ஆனால் துணைவிதிகளைப் புதிய சட்டத்துக்கு ஏற்பப் புதுப்பித்து, அதன் நகலோடு ஓர் அறிக்கையைப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். ஆகவே, பல சங்கங்களில் ஆண்டுக்கணக்காக யாரும் பிரித்துப் பார்க்காத பைலா புத்தகம் இப்போது செயற்குழு மேசைக்கு வரப்போகிறது. வந்ததும் சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்களையும் மட்டும் மாற்றி டைப் அடித்து அனுப்பிவிடாதீர்கள். உறுப்பினர் சேர்க்கை, உறுப்பினர் நீக்கம் என்ற இரண்டு பகுதிகளையும் வரிவரியாகப் படித்துத் திருத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

இந்த இரண்டு பகுதிகளை மட்டும் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பல துறைகளில் சங்க அட்டை இல்லாமல் வேலை இல்லை. படப்பிடிப்புத் தளம், மார்க்கெட்டின் சுமைப்பணி, ஆட்டோ ஸ்டாண்டு, நீதிமன்ற வளாகம் எங்கும் இதுதான் நிலை. முதலாளி யாரை வேலைக்கு எடுப்பார் என்பதற்கு முன்னாலேயே, யாருக்கு அட்டை கிடைக்கும் என்பது முடிவாகிவிடுகிறது. முதலாளி பாகுபாடு காட்டினால் அவர் மீது வழக்குப் போடச் சங்கம் துணைக்கு வரும். சங்கமே பாகுபாடு காட்டினால் தொழிலாளி யாரிடம் போவார்? உழைப்பவருக்குச் சங்கத்தை விட்டால் வேறு அரண் கிடையாது என்று நம்புகிறவர்கள் நாங்கள். அதனாலேயே இந்தக் கேள்வி எங்களை உறுத்துகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். சாரு குரானா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 நவம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. மும்பை திரைத்துறையில் ஒப்பனை, உடை, சிகையலங்காரக் கலைஞர்களின் சங்கம் தன் துணைவிதியில் ஒப்பனைக் கலைஞர் அட்டையை ஆண்களுக்கும் சிகையலங்கார அட்டையைப் பெண்களுக்கும் என்று பிரித்து வைத்திருந்தது. மகாராஷ்டிரத்தில் ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஒப்பனைக் கலையை முறையாகப் பயின்ற பெண்ணான சாரு குரானாவுக்கு ஒப்பனைக் கலைஞர் அட்டை மறுக்கப்பட்டது. நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, யு.யு. லலித் அமர்வு இரண்டு விதிகளையும் ரத்துசெய்து, மனுதாரர்களை நான்கு வாரத்துக்குள் ஒப்பனைக் கலைஞர்களாகப் பதிவுசெய்ய உத்தரவிட்டது. தொழிற்சங்கச் சட்டத்தின் 21ஆம் பிரிவு 15 வயது நிரம்பிய எவரும் உறுப்பினராகலாம் என்றது; அதில் ஆண் பெண் பேதம் இல்லை. சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற ஒரு சங்கத்தின் விதி, அந்தச் சட்டத்தையும் அரசமைப்பின் 14, 15, 19(1)(ஜி), 21 ஆகிய பிரிவுகளையும் மீறி நிற்க முடியாது. தீர்ப்பின் சாரம் இதுதான்.

தீர்ப்பு வந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ‘பெண்கள் சேர முடியாது’ என்று அப்பட்டமாக எழுதிய விதி இன்று அரிது. பாகுபாடு இப்போது வேறு வரிகளில் ஒளிந்திருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டுகிறோம்.

முதலாவது, ‘விண்ணப்பத்தைக் காரணம் எதுவும் கூறாமல் ஏற்கவோ நிராகரிக்கவோ செயற்குழுவுக்கு முழு அதிகாரம் உண்டு’ என்ற வரி. இது ஏறக்குறைய எல்லாப் பைலாக்களிலும் இருக்கிறது. பழைய மாதிரிப் படிவங்களிலிருந்து அப்படியே இறங்கியது. எந்தப் பாகுபாட்டையும் இந்த ஒரே வரி மூடிவிடும். காரணம் எழுதப்படாதபோது சாதியால் ஒதுக்கினார்களா, தகுதிக் குறைவால் ஒதுக்கினார்களா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. வேறு எதையும் திருத்த நேரமில்லை என்றாலும் இந்த வரியை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, இரண்டு அல்லது மூன்று உறுப்பினர்களின் பரிந்துரைக் கையெழுத்து. பார்ப்பதற்கு எளிய நிபந்தனை. ஆனால் ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர் எல்லாரும் ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே பால் என்றால், வெளியில் நிற்பவருக்குக் கையெழுத்து எங்கிருந்து வரும்? கையெழுத்துப் போடுபவர் அதற்குக் காசு கேட்பதும் நடக்கிறது. பரிந்துரையின் நோக்கம் விண்ணப்பதாரர் உண்மையிலேயே இந்தத் தொழிலைச் செய்கிறாரா என்று தெரிந்துகொள்வதுதான். அதற்கு வேறு சான்றுகள் போதும்: கூலி வரவு வைத்த வங்கிக் கணக்குப் பக்கம், யுபிஐ வரவு, கால்ஷீட், பி.எஃப். கணக்கு எண், இ.எஸ்.ஐ. எண், இ-ஷ்ரம் அட்டை, வேலை கொடுத்தவரின் வாட்ஸ்அப் செய்தி. இவற்றில் ஏதேனும் இரண்டு என்று விதியில் எழுதுங்கள். பெண்களும் புலம்பெயர்ந்து வந்தவர்களும் பெரும்பாலும் உதவியாளர் என்ற பெயரில், இன்னொருவருடைய அட்டையின் நிழலில்தான் வேலை செய்கிறார்கள். அவர்கள் பெயரில் வவுச்சர் போடப்படுவதில்லை. ஆகவே ‘முதலாளியின் சான்றிதழ் மட்டுமே செல்லும்’ என்பதும் அவர்களை வெளியே நிறுத்தும் விதிதான்.

இந்த நிழல் வேலை எல்லா நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் குதிரைப் பந்தயத்தைக் கட்டுப்படுத்திய ஜாக்கி கிளப், பெண்களுக்குப் பயிற்றுநர் உரிமம் தர மறுத்துவந்தது. ஃபுளோரன்ஸ் நேகிள் என்ற பயிற்றுநர் தம் லாயத்தின் தலைமைப் பணியாளர் பெயரில் உரிமம் வாங்கித்தான் தொழில் நடத்த வேண்டியிருந்தது. 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு தொழிலின் வாசலைத் தன் கையில் வைத்திருக்கும் சங்கம் தன்னிச்சையாக ஒருவரை அடைத்துவிட முடியாது என்ற அவரது வாதம் விசாரணைக்கு உரியது என்றது. அதன்பின் அவருக்குச் சொந்தப் பெயரிலேயே உரிமம் கிடைத்தது.

மூன்றாவது, வாரிசு ஒதுக்கீடு. உறுப்பினரின் மகனுக்கு நுழைவுக் கட்டணம் பாதி, அல்லது சேர்க்கை மூடியிருந்தாலும் அவருக்கு மட்டும் திறப்பு. இறந்த தொழிலாளியின் குடும்பத்தைக் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த விதி என்பதை அறிவோம். ஆனால் ஒரு தலைமுறைக்கு முன் ஒரு சாதியாரை, பெண்களைச் சேர்க்காத சங்கத்தில் வாரிசு விதி வைத்தால் அந்தப் பழைய ஒதுக்கல் அப்படியே அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேரும். குடும்பத்துக்கு உதவ வேண்டுமென்றால் சேமநல நிதியிலிருந்து பணமாகக் கொடுங்கள். வேலையின் வாசலைச் சொத்தாக எழுதி வைக்காதீர்கள்.

நான்காவது, நுழைவுக் கட்டணம். 1926 சட்டம் சொன்ன குறைந்தபட்சச் சந்தா கிராமப்புறத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 1 ரூபாய், அமைப்புசாராத் தொழிலாளிக்கு 3 ரூபாய், மற்றவர்க்கு 12 ரூபாய். இன்று லட்சக்கணக்கில் நுழைவுக் கட்டணம் கேட்கும் சங்கங்கள் உண்டு. கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதானே, இதில் பாகுபாடு எங்கே என்று கேட்பார்கள். இதற்கு உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று, வழக்கறிஞர் பதிவுக் கட்டணம் பற்றிய கௌரவ் குமார் வழக்கில் பதில் சொல்லிவிட்டது. வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவுக் கட்டணம் பொதுப்பிரிவினருக்கு மொத்தம் 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். மாநில பார் கவுன்சில்கள் பல பெயர்களில் வாங்கியதோ 15,000 முதல் 42,000 ரூபாய் வரை. இவ்வளவு பெரிய தொகையைத் தொழிலின் வாசலில் வைப்பது விளிம்புநிலையிலிருந்து வருபவர்களை வடிகட்டுகிறது, அது சமத்துவத்துக்கு முரண் என்று நீதிமன்றம் அந்தக் கூடுதல் வசூலைத் தடுத்தது. அந்தத் தீர்ப்பு ஒரு குறிப்பிட்ட சட்டத்தைப் பற்றியது என்றாலும் அதன் தர்க்கம் உங்கள் கட்டணத்துக்கும் பொருந்தும். கட்டணத்தைக் கூறுகளாகப் பிரித்து எழுதுங்கள்: அட்டைச் செலவு, நலநிதிப் பங்கு, கட்டட நிதி. கட்டட நிதியைச் சேர்க்கைக்கு நிபந்தனையாக வைக்காதீர்கள். மீதியைப் பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்குங்கள். முதல் தவணையோடு அட்டை கையில் இருக்க வேண்டும். பணம் கட்டி முடித்த பிறகே அட்டை என்றால் அந்த ஓராண்டு அவர் எதைச் சம்பாதித்துக் கட்டுவார்?

ஐந்தாவது, உறுப்பினர் வகை. உள்ளே விட்டுவிட்டு ‘இணை உறுப்பினர்’, ‘தற்காலிக உறுப்பினர்’ என்று ஒரு மூலையில் நிறுத்துவது. வாக்கு கிடையாது, நலநிதி கிடையாது, வேலை முறையில் கடைசி. சில சங்கங்களின் உறுப்பினர் பதிவேட்டை எடுத்து இணை உறுப்பினர் பக்கத்தில் யார் பெயர்கள் இருக்கின்றன, அவர்கள் எத்தனை ஆண்டாக அங்கேயே இருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். வேறு விளக்கம் வேண்டாம். பயிற்சிக் காலம் தேவைப்படும் தொழில் உண்டு என்பதை ஏற்கிறோம். அப்படியானால் அதற்குக் காலவரம்பு வையுங்கள். இரண்டு ஆண்டு முடிந்த மறுநாள், செயற்குழுத் தீர்மானம் எதுவும் இல்லாமலே, அவர் முழு உறுப்பினராகிவிட வேண்டும்.

வசிப்பிட விதி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாரு குரானா வழக்கில் அடிபட்ட விதிகளில் அதுவும் ஒன்று. கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களைச் சேர்க்காத சங்கம், குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் ஒப்பந்ததாரருக்குத்தான் உதவுகிறது.

இனி, மாற்றாக என்ன எழுதுவது? எங்கள் பரிந்துரை இது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம், உங்கள் தொழிலுக்கேற்பச் சொற்களை மாற்றிக்கொள்ளலாம்:

‘இத்தொழிலில் உண்மையாக வேலை செய்யும், சட்டம் குறிக்கும் வயது நிரம்பிய எவரும் உறுப்பினராகலாம். பால், பாலின அடையாளம், சாதி, மதம், மொழி, பிறப்பிடம், வசிப்பிடம், திருமண நிலை, மாற்றுத்திறன், ஏற்கெனவே உள்ள உறுப்பினரோடு உறவு ஆகிய எதுவும் சேர்க்கைக்கோ நிராகரிப்புக்கோ கட்டணத்துக்கோ உறுப்பினர் வகைக்கோ காரணமாகாது. விண்ணப்பம் பெற்ற அன்றே வரிசை எண்ணும் தேதியும் இட்ட ரசீது தரப்படும். 30 நாளுக்குள் முடிவு எழுத்தில் தெரிவிக்கப்படும். நிராகரித்தால் எந்த விதியின் கீழ், என்ன காரணத்தால், எதைத் தந்தால் மறுபரிசீலனை செய்யப்படும் என்று அதில் இருக்கும். 30 நாளில் முடிவு தெரிவிக்கப்படாவிட்டால் விண்ணப்பதாரர் 31ஆம் நாளிலிருந்து உறுப்பினராகக் கருதப்படுவார். நிராகரிப்பை எதிர்த்து 60 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். முதல் முடிவில் பங்கேற்றவர் எவரும் அக்குழுவில் இருக்கக் கூடாது.’

இதில் ரசீது பற்றிய வரியைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். எங்களிடம் ஆலோசனைக்கு வரும் வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் முறிகின்றன. சங்க அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். ‘கமிட்டியில் வைக்கிறோம், அடுத்த மாதம் வாங்க’ என்பார்கள். ஓராண்டு கழித்துக் கேட்டால் அப்படி ஒரு விண்ணப்பமே வரவில்லை என்பார்கள். நிராகரிப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை என்றால் எதை எதிர்த்து மேல்முறையீடு? ஆகவே விண்ணப்பங்களுக்கென்று தனிப் பதிவேடு வையுங்கள். பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டாக இருக்கட்டும். வரிசை எண், தேதி, பெயர், தொழில், இணைத்த சான்றுகள், முடிவு, முடிவு அனுப்பிய தேதி என்று ஏழு கட்டங்கள் போதும். விண்ணப்பம் கொடுப்பவர்களுக்கும் சொல்கிறோம்: நேரில் கொடுத்து ரசீது கிடைக்கவில்லை என்றால் அன்றே அதே விண்ணப்பத்தைப் பதிவு வசதியுள்ள ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பிவிடுங்கள்.

விண்ணப்பப் படிவத்தையும் பாருங்கள். தொழில் தெரியுமா என்று தீர்மானிக்கச் சாதிக் கட்டம் எதற்கு? மதக் கட்டம் எதற்கு? ‘கணவர் பெயர்’ எதற்கு? நலநிதிக்கு நியமனதாரர் பெயர் தேவை என்றால் சேர்ந்த பிறகு வேறொரு படிவத்தில் வாங்கிக்கொள்ளலாம். பட்டியல் சாதியினருக்குக் கட்டணச் சலுகை தருவதாக இருந்தால் சாதிச் சான்றிதழைத் தனி உறையில் பொருளாளரிடம் மட்டும் தரும்படி வையுங்கள்.

திறன் தேர்வு நடத்தும் சங்கங்களுக்கு ஒரு சொல். தேர்வு தவறல்ல. ஆனால் மதிப்பெண் தாள் இருக்க வேண்டும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தேர்வாளர் மூவரில் ஒருவராவது வெளியாளாக இருக்க வேண்டும். தேர்வுக்குச் சம்பந்தமில்லாத கேள்விகள், ‘ராத்திரி ஷூட்டிங்குக்கு வீட்டில் விடுவாங்களா?’, ‘கல்யாணம் ஆனா வேலையை விட்டுருவியா?’ போன்றவை, அந்த அறையில் எழவே கூடாது. பார்வைக் குறைபாடோ கைகால் குறைபாடோ உள்ளவர் தம் கருவியோடு, தம் முறையில் செய்துகாட்ட இடம் கொடுங்கள்.

சேர்க்கையைவிட நீக்கம் ஆபத்தானது, ஏனென்றால் ஏற்கெனவே கட்டியெழுப்பிய பிழைப்பை அது ஒரே நாளில் சாய்க்கிறது. பிடிக்காத உறுப்பினரை நீக்குவதற்கு மிக எளிய ஆயுதம் சந்தா பாக்கி. முறை இப்படி: புகார் கொடுத்தவர் அல்லது பொதுக்குழுவில் கணக்குக் கேட்டவர் சந்தா கட்ட வருகிறார், கேஷியர் இல்லை, ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள், விதியில் சொன்ன மாதக்கணக்கு முடிந்ததும் தானாக உறுப்பினர் தகுதி போய்விட்டது என்கிறார்கள். பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்த பெண்களுக்கு இது நடந்தால் அதைத் தற்செயல் என்று நாங்கள் ஏற்க மாட்டோம். இதைத் தடுக்க விதியில் நான்கு வரி போதும். சந்தாவை வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தலாம், அதுவே ரசீது. பாக்கித் தொகையையும் மாதங்களையும் குறிப்பிட்டு ஸ்பீட் போஸ்டில் அறிவிப்பு அனுப்பி 30 நாள் தராமல் யாரையும் நீக்க முடியாது. அபராதத்தோடு கட்டினால் பழைய சீனியாரிட்டியோடு உறுப்பினர் தகுதி தொடரும். ஓர் உறுப்பினரின் புகார் நிலுவையில் இருக்கும்போது அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதென்றால் பொதுக்குழுவின் ரகசிய வாக்கெடுப்பு வேண்டும்.

கருத்துக்காகத் தள்ளிவைப்பதும் பழைய கதைதான். அகமதாபாத்தில் 1972இல் பதிவான சேவா, சுயதொழில் பெண்களின் சங்கம். முதலாளியே இல்லாதவர்கள் எப்படித் தொழிற்சங்கம் ஆக முடியும் என்று தொழிலாளர் துறை அதன் பதிவுக்கே தயங்கியது. 1981இல் இடஒதுக்கீட்டு எதிர்ப்புக் கலவரத்தின்போது சேவா தலித்துகளின் பக்கம் பேசியது. அதைத் தொடர்ந்து தாய்ச் சங்கமான ஜவுளித் தொழிலாளர் சங்கம் அதை வெளியேற்றியது. தனித்து நின்றும் சேவா வளர்ந்தது என்பது வேறு. எல்லாரும் சேவா அல்ல. வெளியேற்றப்பட்ட தனியொரு தொழிலாளிக்கு அந்த வலு இருக்காது.

நம் ஊரின் கதை இதைவிடக் கசப்பு. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவைத் தலைவராகவும் திரு.வி.க. போன்றவர்களைத் துணையாகவும் கொண்டு எழுந்த சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கம் என்று பெருமை பேசுகிறோம். 1921இல் அந்தச் சங்கத்தினர் வேலை செய்த பின்னி ஆலையின் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் நிற்கவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, சங்கம் தோற்றது. ஆங்கிலேய நிர்வாகம் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது உண்மை. ஆனால் இல்லாத பிளவை அது உண்டாக்கவில்லை. சேரிக்கும் ஊருக்கும் இடையே ஏற்கெனவே இருந்ததைத்தான் பயன்படுத்தியது. சங்கத்தில் சமமாக நடத்தப்படாதவரிடம் வேலைநிறுத்தத்தில் மட்டும் சமமாகப் பட்டினி கிட என்று கேட்க முடியாது.

‘வேலையே குறைவு, ஆளை மேலும் சேர்த்தால் இருப்பவருக்கும் வயிறு நிறையாது’ என்று நீங்கள் சொல்லும் மறுப்பை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அது நியாயமான கவலை. சேர்க்கையைச் சிறிது காலம் நிறுத்தி வைக்கலாம். நிறுத்தினால் எல்லாருக்கும் நிறுத்துங்கள். விண்ணப்பங்களை வாங்கித் தேதி வரிசையில் காத்திருப்புப் பட்டியலாக வைத்து, அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இடம் வரும்போது மேலிருந்து கூப்பிடுங்கள். கதவை மூடிவிட்டுச் செயலாளரின் மருமகனுக்கு மட்டும் திறப்பதை வேலைப் பற்றாக்குறை என்று சொல்லாதீர்கள். உறுப்பினரல்லாதவரை வேலைக்கு எடுத்தால் ஒத்துழைக்க மாட்டோம் என்று தயாரிப்பாளர்களையோ வணிகர்களையோ மிரட்டுவதும் இப்போது வேறு சட்டத்தில் மாட்டும். இயக்குநர் வினயன் கொடுத்த புகாரில் மலையாளத் திரைச் சங்கங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2017இல் அபராதம் விதித்தது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

சங்கப் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் இயங்கும் தொழில்முறைச் சங்கங்கள் வேறொரு வாதத்தை எடுத்துவரும்: ‘நாங்கள் தனியார் அமைப்பு, யாரோடு கூடுவது என்பது எங்கள் உரிமை.’ அந்த உரிமை உண்டு. பார்சிகளுக்கு மட்டுமான வீட்டுவசதிச் சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றம் 2005இல் ஏற்றதும் உண்டு. ஆனால் அங்கே மறுக்கப்பட்டது ஒரு குடியிருப்பு. தொழிலுக்கான அட்டையை, பணியிடத்துக்கான அனுமதியை, அரசுக் குழுக்களில் பிரதிநிதித்துவத்தைக் கையில் வைத்திருக்கும் சங்கம் அந்தத் தீர்ப்பின் பின்னால் ஒளிய முடியாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. மேலும் சில சட்டங்கள் தனியார் அமைப்பு என்று பார்ப்பதே இல்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தம், மற்றவர்கள் செய்ய உரிமையுள்ள ஒரு தொழிலை அவர்கள் செய்யவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019இல் ‘நிறுவனம்’ என்பதில் சங்கங்களும் தனிநபர் கூட்டமைப்புகளும் அடங்கும். அங்கே புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பதும் சட்டம். உங்கள் சங்கத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாரா?

பதிவாளர் அவர்களுக்கு:

உங்கள் கையில் இப்போது வரப்போகும் விதிப் புத்தகங்களை வெறும் கோப்பாக வாங்கி அடுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். சாரு குரானா வழக்கின் விதிகளும் பதிவு அலுவலகத்தில் ஏற்கப்பட்ட விதிகள்தான். சேர்க்கைப் பகுதியைப் படித்து ‘ஆண்’, ‘வாரிசு’, ‘பூர்வீகம்’, ‘காரணம் கூறாமல்’ போன்ற சொற்களைக் கண்டால் பிழைக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புங்கள். ஆண்டறிக்கையில் உறுப்பினர் எண்ணிக்கையை ஆண், பெண் என்று ஏற்கெனவே கேட்கிறீர்கள். அதோடு அந்த ஆண்டு வந்த விண்ணப்பங்கள், ஏற்றவை, நிராகரித்தவை என்ற மூன்று எண்களையும் கேளுங்கள். பத்தாண்டாக ஒரு பெண்ணையும் சேர்க்காத சங்கம் எது என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

பழைய சட்டத்தில் சேர்க்கை மறுக்கப்பட்டவர் சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. புதிய சட்டத்தின் 22ஆம் பிரிவு, சேர்க்கை மறுக்கப்பட்ட தொழிலாளிக்கும் சங்கத்துக்கும் இடையிலான தகராறைத் தொழில் தீர்ப்பாயத்துக்கு எடுத்துச் செல்ல வழி வைத்திருக்கிறது; சிவில் வழக்குக்கு இடமில்லை. புதிய சட்டத்தில் எங்களுக்கு மறுப்பு உள்ள பகுதிகள் பல. இந்தப் பிரிவு மட்டும் தேவையான ஒன்று. இது இருப்பதே பலருக்குத் தெரியாது. தீர்ப்பாயத்துக்கான மனுப் படிவத்தைத் தமிழில் வெளியிட்டு, ஒவ்வொரு மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்திலும் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். மனுவோடு எதை இணைக்க வேண்டும் என்பதையும் அதிலேயே அச்சிடுங்கள்: விண்ணப்ப நகல், ரசீது அல்லது தபால் ஒப்புகை, நிராகரிப்புக் கடிதம் இருந்தால் அது, வேலை செய்ததற்கான சான்று, அதே காலத்தில் சேர்க்கப்பட்ட பிறர் விவரம் தெரிந்தால் அதுவும். இந்தக் கடைசி ஒன்றுதான் பாகுபாட்டை நிறுவ உதவும் வலுவான ஆதாரம், ஆனால் அது சங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறது. உறுப்பினர் பட்டியலைப் பார்க்கும் உரிமை உறுப்பினருக்குத்தான்; வெளியில் நிற்பவருக்கு இல்லை. ஆகவே அதைக் கொண்டுவரச் சொல்லித் தீர்ப்பாயத்திடம் கேட்கலாம் என்பதையும் படிவத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

மீண்டும் சங்க நிர்வாகிகளுக்கு ஒன்று. விதியைத் திருத்துவதோடு, கடந்த ஐந்தாண்டில் நிராகரித்த, அல்லது பதிலே சொல்லாமல் கிடப்பில் போட்ட விண்ணப்பங்களை எடுத்து வையுங்கள். இருக்கும் முகவரிக்கெல்லாம் கடிதம் எழுதி, புதிய விதியின் கீழ் மறுபடி பரிசீலிப்பதாகச் சொல்லுங்கள். புதிதாகக் கட்டணம் கேட்காதீர்கள். முதல் விண்ணப்பத் தேதியையே சீனியாரிட்டிக்குக் கணக்கில் எடுங்கள். திருத்தத்தைப் பொதுக்குழுவில் வைக்கும் அறிவிப்பில் பழைய விதியையும் புதிய விதியையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு அனுப்புங்கள். மினிட்ஸ் புத்தகத்தில் ஆதரவாக எத்தனை, எதிராக எத்தனை என்று எழுதுங்கள். வரைவை எழுதவோ கூட்டத்தில் விளக்கவோ உதவி வேண்டும் என்றால், எந்தச் சங்கமாக இருந்தாலும், எந்தக் கொடியாக இருந்தாலும், கட்டணம் இல்லாமல் வந்து செய்து தருகிறோம்.

தோழமையுடன்,
தொழிலாளர் சட்டத்திலும் சங்க நிர்வாகத்திலும் பணிசெய்வோர் சிலர்
சென்னை